திருப்பிப் போட்ட மீன்

மணிலா,
12 மார்ச் 1986

அன்புள்ள சியூ லியன் அக்காவுக்கு,

தம்பி பிங் லாம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஊருக்கு வந்திருந்தபோது எடுத்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இரட்டைக் கல் கோபுரத்துக்கு முன்னால் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். நான் கேலி செய்ததாகச் சொல்.

கிளம்பிய அன்று மதியம் நீ ஆவியில் வேகவைத்த மீனின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மேல்பக்கம் தீர்ந்ததும் நான்தானே அதைத் திருப்பிப் போட்டு அத்தானுக்கு எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு யாருமே சரியாகச் சாப்பிடவில்லை. நான் போகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் கடிதமே இல்லை? அடுத்த வருஷமும் வரலாமென்று ஆசையாக இருக்கிறது.

உன் தம்பி,
பிங் லாம்

சுவான்ஜோ,
3 ஏப்ரல் 1986

தம்பிக்கு,

படங்கள் வந்தன. அதுதான் உன் அத்தானின் கடைசிப் படம். நீ கப்பல் ஏறிய வாரமே கடலுக்குப் போனார். காற்று மாறி, படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. என் கொண்டையில் இப்போது துக்கத்துக்கு வைக்கிற வெள்ளைப் பூ மட்டும்தான்.

கடலுக்குப் போகிறவர் வீட்டில் மீனைத் திருப்பினால் படகைக் கவிழ்த்த மாதிரி. முள்ளை எடுத்துவிட்டுத்தான் அடிப்பக்கம் சாப்பிடுவோம். சின்ன வயதில் நீ திருப்பப் போய், அப்பா சாப்பாட்டுக் குச்சியாலேயே உன் விரலில் அடித்தாரே, நினைவில்லையா? அன்று நீ திருப்பியதும் என் மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். உன் அத்தான்தான் சிரித்துக்கொண்டே, "விடும்மா, மீன்தானே கவுந்துச்சு, நானா கவுந்தேன்? மச்சான் ஆசையா எடுத்து வைக்கிறான்" என்றார்.

"அவன் இனி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்கிறார் மாமியார். நான் மறுத்துப் பேசவில்லை. படகைக் கவிழ்த்தது காற்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை நீ, இதைப் போய் மறந்துவிட்டாயே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ வராதே.

சியூ லியன்

மணிலா,
29 ஏப்ரல் 1986

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். கப்பல் துறையில் அத்தான் என் தோளைத் தட்டி, "அடுத்த தடவை பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, உன் லட்சணத்த அவகிட்ட நாலு வார்த்தை சொல்லணும்" என்றார்.

இங்கே சந்தையில் துண்டு மீன்தான் வாங்குகிறோம். முழு மீன் எங்கள் மேசைக்கு வந்தே பல காலம் ஆகிறது. இதெல்லாம் சாக்கு. மறந்துதான் போனேன்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு வந்து உன் மாமியார் காலில் விழ வேண்டும். உன் அனுமதி இல்லாமல் வர மாட்டேன்.

பிங் லாம்

சுவான்ஜோ,
8 டிசம்பர் 1986

அன்புள்ள தம்பி லாம்,

பதில் எழுத இத்தனை மாதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். போன வாரம்தான் உன் கடிதத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து, கடலில் போகிறவர்களைக் காக்கும் மாச்சோ அம்மன் கோவிலுக்குப் போய்விட்டார்.

நேற்று மீன் வைத்திருந்தேன். உன் அத்தான் போனபிறகு முழு மீன் வைத்தது நேற்றுதான். மேல்பக்கம் தீர்ந்தது. கடலுக்குப் போக இந்த வீட்டில் இனி யார் இருக்கிறார்கள் என்ற வெறுப்பில், நானே திருப்பிப் போடக் குச்சியை நீட்டினேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பாத. உன் தம்பி கப்பல்ல வரணும்ல" என்றார்.

எந்தக் கப்பல் என்று எழுது.

உன் அக்கா,
சியூ லியன்