ஐஸ் அறையில் வைக்கக் கூடாத மருந்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வானிலை நிலைய உதவியாளர்,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிர்வீடு, மாடி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: என் அக்காவுக்குரிய புற்றுநோய் மருந்து உறைந்துபோனது, மாற்று மருந்து கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

1. என் அக்காவுக்கு இதயம் பலவீனம். ஆதலால், வழக்கமான மருந்தையே கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உறைகளில் அடைத்த வகையைத் தங்கள் மருத்துவர் தேர்ந்தெடுத்தார். மருந்து மெல்ல மெல்லக் கசிவதால் இதயத்துக்குச் சுமை குறைவாம். மூன்று முறை ஏற்றியதில் கட்டி பாதியாகிவிட்டது. மாடிப்படியில் இப்போது நான்தான் பின்தங்குகிறேன்.

2. நேற்று நான்காம் முறைக்குச் சென்றோம். செவிலியர் மருந்துக் குப்பியை உள்ளங்கைகளில் உருட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். குப்பியின் மேல் வெண்பனி. 'உறைய விடாதீர்' என்று அதன் அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. சொல்லலாமா என்று நான் தயங்க, அக்கா, "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? கேளுடா!" என்றார். கேட்டேன். மருத்துவர் உடனே நிறுத்திவிட்டார். உறைந்தால் கொழுப்பு உறைகள் உடைந்து, மருந்து மொத்தமாக வெளியேறிவிடும் என்றார்.

3. மருந்தகப் பொறுப்பாளரைக் குறை சொல்வதற்கில்லை. "விலை கூடின மருந்தாச்சேன்னு ஐஸ்கிட்டயே பத்திரமா வச்சேன் ஐயா" என்று கண்கலங்கினார். ஆனால் இருப்பிலுள்ள எல்லாக் குப்பிகளும் குளிர்பெட்டியின் அந்த ஐஸ் அறையில்தான் இருந்தன. புதியவை வர மாதக்கணக்காகலாம். அதற்குள் கட்டி மீண்டும் வளரக்கூடும் என்று மருத்துவர் அஞ்சுகிறார்.

4. பக்கத்து ஊர் மருத்துவமனையில் இம்மருந்து உள்ளதாம். தங்கள் கையொப்பம் இருந்தால் தருவார்களாம். அதை வரவழைத்துத் தரவும், உறைந்த குப்பிகளை எவருக்கும் ஏற்றாமல் ஒதுக்கவும் வேண்டுகிறேன். பொறுப்பாளரைத் தண்டிக்க வேண்டாம். வரும் மருந்தைக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைத்தால் போதும்.

பணி ஓய்வின்போது எனக்குத் தந்த வெப்பமானி வீட்டில் சும்மா இருக்கிறது. அதை அப்பெட்டிக்குள் வைக்கத் தருகிறேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணாவிடில், தினமும் வந்து பார்த்தும் சொல்வேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அக்கா நேற்றுக் கொண்டுபோன பையைப் பிரிக்கவே இல்லை. கதவருகே அப்படியே வைத்திருக்கிறார். "அந்தம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்க. நீ வழியிலயே பயந்து திரும்பி வந்துடாதே" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பவில்லை. தங்கள் அறைக்கு வெளியே, பெஞ்சில் அமர்ந்திருக்கிறேன்.

நாள்: செவ்வாய்க்கிழமை, முற்பகல்
இடம்: தங்கள் அறை வாசல்

பணிவன்புடன்,
(ஒப்பம்)
நோயாளியின் தம்பி