முதலில் வந்து சேர்ந்த சொல்

சவானா, ஜார்ஜியா
அக்டோபர் 9, 1957

என் ஹோசியாவுக்கு,

நீ நாடகக் கம்பெனியை விட்டுப் போன இடத்தில் புதிதாக ஒருவனை உட்கார வைத்திருக்கிறார்கள். பியானோ வாசிக்கத் தெரியும், என் மூச்சு தெரியாது. ஆற்றங்கரைப் பாட்டில் நான் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த அடிக்கு ஓடிவிடுகிறான். "ஐயா, நான் மனுஷி, ரயில் எஞ்சின் இல்ல" என்றேன். சிரிக்கக்கூடத் தெரியவில்லை அவனுக்கு.

இந்த ஊர்க் கொட்டகையிலும் நம் கறுப்பு ஜனங்களுக்குப் பக்கவாட்டுப் படிக்கட்டும் மேல்மாடியும்தான். கீழே மெத்தை நாற்காலியில் இருக்கிற வெள்ளைக்காரர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சலவைக்காரி வேஷம் கட்டிக்கொண்டு நான் குரலை எறிவது மேலே, கடைசி வரிசைக்கு. அது உனக்குத்தான் தெரியும்.

இப்போது மேலே ஏறிப் பார்க்க ஆளில்லை. ஒத்திகை முழுவதையும் பாதிக்குரலில் ஓட்டிவிட்டுக் கடைசியில் அந்த ஒரு பாட்டை மட்டும் முழுக்குரலில் பாடுவேனே, நீ பியானோவை விட்டுவிட்டு மாடிக்கு ஏறி நின்று, சொல் வந்து சேர்ந்ததும் கைக்குட்டையைத் தூக்குவாயே. இறங்கி வந்து, "இன்னைக்கு 'கரை'தான் முதல்ல வந்துச்சு. மத்த சொல்லெல்லாம் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வந்துச்சு" என்பாய். நேற்று யாரும் தூக்கவில்லை. பாடினேன், கைதட்டினார்கள். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தூங்கப் போனேன்.

நீ ஆலையில் வேலை தேடிக்கொண்டது தப்பென்று சொல்லவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் ஏர்லின்


கேரி, இந்தியானா
நவம்பர் 3, 1957

என் மகாராணிக்கு,

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

வீடு பார்த்துவிட்டேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பேரிமரம். அடுப்பு நன்றாக எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரி கீரையும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உம் பொண்டாட்டி எப்ப வருவா?" என்று தினமும் விசாரிக்கிறாள். அடுத்த மாதம் என்கிறேன். எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று அவளும் கேட்பதில்லை.

ஆலையில் எஃகை அடிக்கிற சத்தத்தில் ஒருவன் பேசுவது ஒருவனுக்குக் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். நான் நாடகக் கம்பெனிக்காரன் அல்லவா, சாடையில் எல்லோரையும் மிஞ்சிவிட்டேன். ஒன்றே ஒன்று, தயவுசெய்து ஃபோன் பண்ணாதே. ஆலைச் சத்தம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது. ஃபோனில் நீ பேசினால் கோழி கொக்கரிக்கிற மாதிரி இருக்கிறது. உன் கையெழுத்து கொக்கரிப்பதில்லை, எழுது.

நீ ஓரம் தைத்துக் கொடுத்த கைக்குட்டை கோட்டுப் பையில் இருக்கிறது. அதில் மூக்குச் சிந்துவதில்லை.

உன் ஹோசியா


பிலடெல்பியா
மே 21, 1964

என் ஹோசியாவுக்கு,

சிரிக்காமல் படி. நான் இசைத்தட்டு கொடுத்துவிட்டேன். அதுவும் தெரியாமல்.

கம்பெனி கலைந்த பிறகு நான் இங்கே சர்ச்சிலும் கல்யாண வீடுகளிலும் பாடிக்கொண்டிருந்ததை எழுதியிருந்தேன் அல்லவா. அங்கே கேட்ட ஒருவர், லோவெல் என்று பெயர், பாட்டுப் பதிவு செய்கிற இடத்துக்கு அழைத்துப் போனார். 'வாசல் விளக்கு' என்று ஒரு பாட்டு. ஊரைவிட்டுப் போனவனுக்காக ஒருத்தி விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். "ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்" என்றார்கள். ஓட்டிப் பார்ப்பது என்றால் நமக்கு என்ன? ஒத்திகை. நானும் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு, ஸ்டூலில் சாய்ந்து, பாதிக்குரலில் சொல்லிக்கொண்டே போனேன். முடித்துவிட்டுக் கோட்டைக் கழற்றி, "சரி, இப்ப பாடறேன்" என்று எழுந்தேன்.

"எதுக்கும்மா? அதான் பாடிட்டீங்களே" என்றார்கள்.

ஒலிநாடாவை ஓடவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை முழுக்குரலில் பாடுகிறேன் என்றேன். லோவெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏர்லின், இதுல நீ காதுகிட்ட வந்து பேசற. அத விட்டுட்டுக் கூரைய ஏன் பிச்செறியணும்?" என்றார்.

பெரிய சங்கடமாக இருக்கிறது. உள்பாவாடையோடு மேடைக்கு வந்துவிட்ட மாதிரி.

உன் ஏர்லின்


கேரி
ஆகஸ்ட் 30, 1964

மகாராணிக்கு,

கேட்டுவிட்டேன். சனிக்கிழமை முடிவெட்டப் போயிருந்தேன். ரேடியோவில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "யாருப்பா அது, பல்வலிக்காரி?" என்றேன். கடை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. முடிவெட்டுகிற ரூஃபஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவி, அது உம் பொண்டாட்டிடா!" என்றான். கழுத்தில் துணியோடு எழுந்துபோய் ரேடியோவில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். நீதான்.

ஊரே அந்தப் பாட்டைப் பாடுகிறது. உருளைக்கிழங்கு வாங்கப் போனால் கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. ஆனால் மாடிக்கு வந்து சேருகிற ஏர்லின் அதில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகையில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பாளே, அவள்தான் இருக்கிறாள்.

பேரிமரம் இந்த வருஷம் நிறையக் காய்த்தது. பாதி கீழே விழுந்து அழுகிவிட்டது.

உன் ஹோசியா


கிளீவ்லாந்து
பிப்ரவரி 12, 1967

ஹோசியா,

வேடிக்கையாக எழுத இன்று தெம்பில்லை.

தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது. டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஆறு மாதம் பாடவே கூடாது, பேசவும் கூடாது. அப்படி இருந்தால் சரியாகலாம். மீறி முழுக்குரலை எடுத்தால் கிழிந்துவிடும், பிறகு அவராலும் ஒன்றும் ஆகாது. லோவெலிடம் சொன்னேன். "உன்ன யாரு முழுக்குரல் எடுக்கச் சொன்னது? பாதிக்குரலுக்குத்தானே கூட்டம் வருது. பாடிட்டே இரு" என்கிறார்.

அவர் சொல்வதும் பொய்யில்லை. முழுக்குரல் எனக்கு இப்போது வருகிறதா என்றே தெரியாது. வராமல் போனாலும் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, அவர்கள் அதைக் கேட்டதே இல்லை. மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டு தினமும் ஒத்திகை பார்க்கிறேன், அழுகிறார்கள், எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். இந்தப் பெரிய நாட்டில் என் குரல் எது என்று தெரிந்த ஆள் நீ ஒருவன்தான்.

மார்ச் 18ஆம் தேதி பர்மிங்ஹாமில் பாடுகிறேன். நம் பழைய கொட்டகை. இப்போது நம்மவர்கள் கீழேயும் உட்காரலாம். நீ கீழே உட்காராதே. மாடிக்கு ஏறு, கடைசி வரிசைக்கு. அரங்கத்து விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, 'வாசல் விளக்கு' பாட்டின் முதல் நாலு அடியை முழுக்குரலில் பாடுவேன். வந்து சேர்ந்தால் கைக்குட்டையைத் தூக்கு. குரல் இன்னும் இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். அன்றோடு நிறுத்திவிட்டு, உன் சமையலறையில் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். சேரவில்லை என்றால் தூக்காதே. காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். இருக்கிறதை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன்.

எனக்காகப் பாவப்பட்டுத் தூக்கிவிடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் ஏர்லின்


கேரி
பிப்ரவரி 20, 1967

ஏர்லின்,

வருகிறேன். கைக்குட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுவிட்டேன். சமையலறைக்குப் புதுசாகச் சுண்ணாம்பும் அடித்துவிட்டேன்.

உன் ஹோசியா


நியூயார்க்
ஏப்ரல் 6, 1967

என் ஹோசியாவுக்கு,

பேனா பிடிக்க இன்றுதான் அனுமதித்தார்கள். பேச அனுமதி இல்லை, இனிமேலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. உள்ளே கிழிந்து ரத்தம் கட்டியிருந்ததாம், அறுத்து எடுத்துவிட்டார்கள். நாளாக ஆக, கிசுகிசு என்று பேச வரலாம் என்கிறார் டாக்டர். பாட்டைப் பற்றி நான் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அன்று இரவே லோவெல் என்னை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார். வாசலில் நீ நின்றிருப்பாய் என்று சைகை காட்டினேன், யாருக்கும் புரியவில்லை.

ஆனால் ஹோசியா, நான் பார்த்தேன். இரண்டாவது அடி முடியுமுன் உன் கை மேலே போனது. அத்தனை பெரிய கொட்டகையில் அந்தச் சின்ன வெள்ளைத் துணி. நிறுத்துவதாகத்தான் உனக்கு எழுதியிருந்தேன். நிறுத்த முடியவில்லை. பத்து வருஷமாக யாரும் தூக்காத துணி. முழுப் பாட்டையும் பாடினேன், மறுபடியும் முதலிலிருந்து பாடினேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது தெரிந்துதான் பாடினேன். நீ தூக்காமல் இருந்திருந்தால் நாலாவது அடியோடு மைக்குக்குத் திரும்பியிருப்பேன்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரவில் அழுகிறேன், அதற்கும் சத்தம் வருவதில்லை. ஆனால் கடைசியாக ஒரு தடவை வந்து சேர்ந்தது, அது போதும். அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவேன். மே மாதம் விடுகிறார்கள். வீட்டுக்கு வருகிறேன், நிஜமாக.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று எழுதி அனுப்பு. பழைய மாதிரி. எந்தச் சொல் முதலில் வந்தது?

உன் ஏர்லின்


கேரி
ஏப்ரல் 11, 1967

என் கண்ணே,

அன்று பின்வாசலில் நின்றேன். "நான் அவ புருஷன்" என்றேன். "உனக்கு முன்னாடியே நாலு பேர் அதத்தான் சொன்னானுங்க, வரிசையில நில்லு" என்றான் காவலாள். விடியும்வரை நின்றேன். பிறகுதான் உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரிந்தது.

நீ வா. வந்து சும்மா உட்கார். பேரிமரம் மொட்டு விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நீ வருகிறாய் என்றதும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இனிப்பு செய்வதாகச் சொல்கிறாள். உன்னை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

எந்தச் சொல் என்று கேட்டிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'விளக்கு'. 'விளக்கு'தான் முதலில் வந்தது. அப்படியே மாடிக்கு ஏறி வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. மற்றதெல்லாம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன.

உன் ஹோசியா


நியூயார்க்
ஏப்ரல் 19, 1967

ஹோசியா,

நான் அன்று 'வாசல் விளக்கு' பாடவில்லை.

அதைத்தான் பாடுவதாக எழுதியிருந்தேன். மேடைக்கு வந்து மைக்கைத் தள்ளியதும் மனசு மாறிவிட்டது. அந்தப் பாட்டைப் பாதிக்குரலில் பாடிப் பாடி அது எனக்குச் சலித்துப்போயிருந்தது. நான் பாடியது சலவைக்காரி பாட்டு. ஆற்றங்கரைப் பாட்டு. நீ பியானோவில் நூறு தடவை வாசித்த பாட்டு. அதில் விளக்கு என்கிற சொல்லே இல்லை.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பிறகு பெட்டியிலிருந்து உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஃபோன் வேண்டாம் என்று எழுதியது. முடிவெட்டும் கடையில் என் குரலே உனக்குத் தெரியாமல் போனது, ரேடியோவில் காதை ஒட்டிவைத்தது. அந்தக் கடிதத்தைப் பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். ஆலை உன் காதைத் தின்றுவிட்டது. எப்போதிலிருந்து? ஒரு வரி எழுதியிருந்தால், பாட்டும் வேண்டாம் கூட்டமும் வேண்டாம் என்று அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன். கேரிக்கு வருவதற்கு எனக்குக் குரல் இருக்கிறது என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருந்திருக்காது.

நான் வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் நீ கையைத் தூக்கினாய். தெரியும். கெட்ட எண்ணம் உனக்கு என்றைக்கும் கிடையாது. கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. கோபமாக இருக்கிறேன் ஹோசியா. நீ தூக்கியதற்குக்கூட இல்லை. நான் அந்தச் சொல்லைக் கேட்டபோதாவது தெரியாது என்று எழுதியிருக்கலாம். இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டுவிட்டாய்.

அன்று மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள். உனக்குப் பக்கத்திலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது 'கரை' வந்து சேர்ந்திருக்கலாம், சேராமலும் போயிருக்கலாம். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. போய்க் கேட்பதற்கும் எனக்கு வாய் இல்லை.

மே மாதம் நெவார்க்கில் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அவளுடைய துணி தைக்கிற கடையில் பின்கட்டு வேலைக்கு ஆள் வேண்டுமாம். பேச வேண்டிய வேலை இல்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் இனிப்பு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடு.

அந்தக் கைக்குட்டையை அனுப்பிவிடு. ஓரம் தைத்தது நான்.

ஏர்லின் மாப்ரி