ஆடி பிறக்கும் முன்

சுருளிப்பட்டி,
17-6-2009

அன்புள்ள மாமாவுக்கு,

கயல் எழுதுவது. இங்கே அத்தையும் நானும் நலம். மஸ்கட்டில் வெயில் கொளுத்துகிறதாமே, மீன் கம்பெனிக் குளிர் கிடங்கிலிருந்து வெளியே வந்தால் உங்களுக்குத் தலைவலி வருகிறதா? போனில் பேச வேண்டியதை எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நான் போன் பேசும்போது அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேலத் தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து முடிந்தது. ஆள் வர ஒரு நாள் பிந்தியதற்கு அத்தை போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. நாள் தப்பினால் இலைதான் வரும், பூ வராது என்று வைதார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போன ஆடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் நம் கரு இரண்டை உறைய வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் மாத்திரை தின்று, என் கருப்பை அந்த மாதம்தான் பக்குவமானது. டாக்டரம்மா நாளும் குறித்தார்கள். ஆடியில் வைத்தால் சித்திரையில் பிறக்கும், சித்திரைப் பிள்ளை அப்பனுக்கு ஆகாது என்று அத்தை ஒரே பிடியாக நின்றார்கள். கரு ஆஸ்பத்திரியில் தையிலேயே உண்டாகிவிட்டதே, ஆடிக்கும் அதற்கும் என்ன என்று கேட்டேன். "டாக்டரம்மா ஆயிரம் சொல்லுவாக. பொறக்குறது சித்திரையிலதான ஆத்தா?" என்றார்கள். நீங்களும், ஐஸில் மீனே கெடாமல் கிடக்கிறது, ஒரு மாதம் தள்ளினால் என்ன என்றீர்கள்.

ஐஸில் இருந்தது கெடவில்லை மாமா. ஆவணியில் என் உடம்புதான் கைவிட்டது. ஐப்பசியில் ஏதோ ஓரளவு தேறியதும் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். தங்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் கம்பம் வரும்வரை அத்தை என் கையை விடவே இல்லை.

இப்போது மீதி ஒன்றுதான். போன வாரம் கருப்பைக்குள் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடந்ததை டாக்டரம்மா கருவி விட்டுப் பிரித்திருக்கிறார்கள். மறுபடி ஒட்டுவதற்குள் கருவை வைத்துவிட வேண்டுமாம். அப்படி வைத்தாலும் உறுதி சொல்ல முடியாது, தள்ளினால் இந்த நம்பிக்கையும் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்ன நாள் திரும்பவும் ஆடி நடுவில்தான் வருகிறது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

அத்தை மேல் கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் அவர்கள் பயமும் எனக்குத் தெரியும். சித்திரையில் நீங்கள் பிறந்தீர்கள். மூன்றாம் மாதம் கிணறு வெட்டப் போன மாமனார் பிணமாக வந்தார். அப்பனைத் தின்னு பொறந்தவன் என்று ஊர் சொன்னதைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு கேட்டவர்கள் அவர்கள். இன்னொரு சித்திரை உங்களையும் கொண்டுபோய்விடும் என்று நடுங்குகிறார்கள். நீங்களும் அதை நம்புகிறீர்களோ என்றுதான் எனக்குப் பயம். உங்கள் பிறந்த நாளுக்கு ஒரு தடவையாவது பாயசம் வைக்க விட்டிருக்கிறீர்களா?

நீங்கள் யாரையும் தின்று பிறக்கவில்லை மாமா. கிணற்றில் வெடி முந்தி வெடித்தது. உங்களிடம் இதுவரை யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம். அத்தையிடம், "எனக்கு ஒண்ணும் ஆகாது ஆத்தா, கயல் ஆடியிலயே போகட்டும்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அழுவார்கள். அழட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

சுருளி வேலப்பர் துணையிருப்பார். நீங்கள் நூறு சித்திரை காண வேண்டும்.

உங்கள் ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருக்கும்,
கயல்