ஒன்றேகால் அங்குலத் தண்ணீர்

05.07.2004, திங்கட்கிழமை

தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இன்று காலை 10.20க்குக் கிடைத்தது. இரண்டாந் திகதியிட்ட கடிதம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து பதுளைக்கு வர மூன்று நாள். நடந்து வந்திருந்தாலும் முந்தியிருக்கும்.

மேற்பிரிவு மைதானம் "பயன்பாடற்ற நிலம்" ஆகிவிட்டதாம். ஒக்டோபர் முதலாந் திகதி அங்கே யூக்கலிப்டஸ் நடப்போகிறார்களாம். ஒரேயொரு விலக்கு உண்டு. மாகாணத்தின் சூழல்நேய மைதானமாகத் தெரிவானால் நிலம் விளையாட்டுக் கழகத்திடமே இருக்கும். பரிசோதனை ஓகஸ்ட் 21.

கழகத்தின் ஆலோசகர் நான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடமும் நான்கு மாதமும் படவரைஞராக இருந்தவன். திட்டம் என்னுடையது, 44 பக்கம். உடைமாற்றும் கூடத்தின் தகரக் கூரையில் விழும் மழை சீமெந்துத் தாங்கியில் சேர்ந்து புல்லுக்குப் போகும். குப்பைக்கு மூன்று நிறத்தில் மூன்று பீப்பாய்கள். புல் வெட்டப் பெற்றோல் இயந்திரம் கிடையாது. மைதானக் காவலர் நல்லையாவின் பசு மேயும். (பசு, பக்கம் 31.)

பிற்பகல் பஸ்ஸில் போய் நல்லையாவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"ஆகஸ்ட்டு வரைக்கும் புல்லு பச்சையா நிக்கணும். அவ்வளவுதானுங்களேய்யா?"

அவ்வளவுதான். ஊவாவில், ஜூலையில், காற்று மண்ணையே பெயர்க்கும் காலத்தில். அவ்வளவுதான்.

தாங்கியின் நீர்மட்டம்: 68 அங்குலம்.

12.07.2004, திங்கட்கிழமை

நீர்மட்டம் 55. புல்லுக்கு நான் அனுமதித்தது செவ்வாய், சனி இரு நாளும் தலா இரண்டு அங்குலம் மட்டுமே. அப்படியானால் நாளொன்றுக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் எங்கே போகிறது? ஆவியாகவில்லை, தாங்கிக்கு மூடி உண்டு. கசியவில்லை; சுவரை முழுக்கத் தடவிப் பார்த்தேன். பசு குடிக்கிறதா என்று நல்லையாவைக் கேட்டேன். "அது அம்புட்டு குடிச்சா வெடிச்சிரும்ங்க" என்றார். நியாயம்.

23.07.2004, வெள்ளிக்கிழமை

தாங்கியின் குழாயடியில் மஞ்சள் நிறக் கறை. தகரக் கூரையின் துரு தண்ணீரில் கலக்கிறது என்பதே என் முடிவு. பாரதூரமான விடயம். பரிசோதனைக்கு அனுப்புவதற்காகக் கறையைச் சுரண்டிக் குப்பியிலிட்டு, திகதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் எழுதி ஒட்டினேன்.

24.07.2004, சனிக்கிழமை

குப்பியை யோகம்மா திறந்து மணந்து பார்த்தாள். மனைவியானாலும் முத்திரையிட்ட குப்பியைத் திறக்கலாமா?

"இஞ்சருங்கோ, இது மஞ்சள். முப்பத்தெட்டு வரியமா என்ர குழம்பிலை பாக்கிறியள், இன்னும் தெரியேல்லையோ? ஆடி வெள்ளிக்குப் பொம்பிளையள் தேய்ச்சுக் குளிச்சிருக்கினம்."

குளித்திருக்கிறார்கள். என் தாங்கியில்.

26.07.2004, திங்கட்கிழமை

வழமையாக நான் காலையில் வந்து பன்னிரண்டரை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இன்று திரும்பவில்லை. நீலப் பீப்பாய்க்குப் பின்னால் நின்றேன். 4.35க்குக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள், ஆளுக்கொரு வாளியுடன். இருபத்தாறு பேர். எண்ணி முடித்த பின்பே நான் செய்துகொண்டிருப்பது என்ன என்பது எனக்கு உறைத்தது. உடனே மலைப்பக்கம் திரும்பி நின்று இருமினேன்.

"யாருங்க அது இருமுறது?" பெரியாயியின் குரல். நல்லையாவின் மனைவி. தண்ணீர்க் குழாயின் சாவி நல்லையாவிடம் இருந்தது என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

"அய்யய்யோ, ஐயாவா! பீப்பாக்குப் பின்னால என்னங்க பண்றீங்க?"

"கணக்கெடுக்கிறேன்" என்றேன்.

சிரிப்பு அடங்க நான்கு நிமிடம் சென்றது. பசுவும் என்னைப் பார்த்தது.

புல் காய்ந்தால் மைதானம் போய்விடும் என்று மலையைப் பார்த்தபடியே விளக்கினேன்.

"லயத்து வீட்டுப் பைப்புல தண்ணி நின்னு இருவத்தஞ்சு நாளாச்சுங்க. ஆத்துக்கு எறங்கி ஏற ஒண்ணரை மைல். மலையில நின்னுட்டு வந்து மறுபடி மலை ஏறச் சொல்றீங்களா? புல்லு குளிக்கலாம், நாங்க குளிக்கக் கூடாதா?"

"மைதானம் உங்கள் பிள்ளைகளுக்காகத்தான், அம்மா."

"அதாங்க நானும் சொல்றேன். அங்க ஓடுறது எம் மகன். அவன் சட்டையத் தொவைக்கிறது யாரு, புல்லா?"

நல்லையா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு முகில்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்கிட்டேன். இருபத்தாறு பேர், தலா இரண்டு வாளி, 624 லீற்றர். நீர்மட்டத்தில் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். மிகச் சரியாக ஒத்துப்போகிறது! இதில் ஏன் மகிழ்ந்தேன் என்று தெரியவில்லை.

27.07.2004, செவ்வாய்க்கிழமை

குழாய்க்குப் புதுப் பூட்டு. சாவி என்னிடம்.

யோகம்மா: "குளிக்கிற தண்ணியைப் பூட்டிப்போட்டு வந்து சோறு கேக்கிறியளோ?" சோறு கிடைத்தது. குழம்பு கிடைக்கவில்லை.

06.08.2004, வெள்ளிக்கிழமை

பூட்டியது சரியா? பூட்டி இன்றோடு பதினொரு நாள். முழுத் தண்ணீரும் புல்லுக்கே போகிறது; அட்டவணைப்படி, ஒரு துளி பிசகாமல். மைதானம் தேங்காய்த் தும்பின் நிறத்தில் கிடக்கிறது. ஊற்றும் தண்ணீர் சரிவில் ஓடித் தேயிலைக்குள் இறங்கிவிடுகிறது. தேயிலை நன்றாயிருக்கிறது.

மேற்கு மூலையில் மட்டும் ஒரு முக்கோணம், 42 அடிக்கு 19 அடி, பச்சை. நான் அங்கே ஒரு குவளைகூட ஊற்றச் சொன்னதில்லை. மூன்று முறை சுற்றிவந்து அளந்தேன். குளித்த தண்ணீர் மெதுவாக வடிந்த இடம் அது.

முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனம்! என்ன வரைந்தேன்?

07.08.2004, சனிக்கிழமை

8.05க்குப் பூட்டைத் திறந்தேன். பெரியாயி பார்த்துக்கொண்டே இருந்தார், உதவவில்லை.

அந்தத் தண்ணீரை மைதானம் முழுதும் எப்படிப் பரப்புவது என்று கேட்டேன். கேட்பது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

"நேராப் பாய்ச்சுனா நிக்குமாங்க? தேயிலைக்குக் குறுக்கால கான் வெட்டுறோமில்ல, மண்ணு போகாம? அதே மாதிரிக் குறுக்கால வெட்டச் சொல்லுங்க இவர. இருவது வருசம் கான் வெட்டுனவருதான். வாயத் தொறந்து சொல்லத்தான் மாட்டாரு."

"நீங்க கேக்கலியேய்யா" என்றார் நல்லையா.

பிற்பகலுக்குள் ஐந்து கான்கள், சாண் ஆழ வாய்க்கால்கள், சரிவுக்குக் குறுக்காக. மட்டம் பார்க்கும் கருவியை வைத்துச் சோதித்தேன். பிழை கண்டுபிடிக்க முடியவில்லை, மறுபடியும் சோதித்தேன்.

என் நிபந்தனை ஒன்று: சவர்க்காரம் வேண்டாம், சீயக்காயும் பயற்றம் மாவும் மட்டும். அவர்களின் நிபந்தனை ஒன்று: 4.30க்குப் பின் நான் மைதானத்தில் நிற்கக் கூடாது.

21.08.2004, சனிக்கிழமை

பரிசோதனை காலை பத்து மணிக்கு என்றிருந்தது. பாதையில் லொறியொன்று புரண்டதால் அதிகாரி வந்து சேர்ந்தது 4.25. திருமதி றஷீதா, வெலிமடைக்காரர், கையில் படிவம். இன்று ஐந்தரைக்கு முன் வரவேண்டாம் என்று பெண்களிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் வழக்கப்படியே வந்தார்கள்.

மைதானத்தின் மேற்குப் பாதி பச்சை. கிழக்குப் பாதி பற்றி இங்கு எழுதப்போவதில்லை.

"இந்தக் கான் நல்ல வேலையா இருக்கே ஐயா. திட்டத்துல எத்தனையாம் பக்கம்?"

திட்டத்தைப் புரட்டுவதுபோலப் பாவனை செய்திருக்கலாம். 45ஆம் பக்கம் தபாலில் வருகிறது என்றும் சொல்லியிருக்கலாம். வாளிகளுடன் இருபத்தாறு பேர் என்னைப் பார்த்து நின்றார்கள். மரம் நட இன்னும் நாற்பத்தொரு நாள்.

"எந்தப் பக்கத்திலும் இல்லை, அம்மா" என்றேன். "இவர்கள் எனக்குத் தெரியாமல் குளித்தார்கள். நான் பூட்டினேன். பூட்டியபோது புல் காய்ந்தது, திறந்தபோது முளைத்தது. கான் நல்லையா வெட்டியது. யோசனை பெரியாயியுடையது. 44 பக்கத்தில் சரியாக வேலைசெய்தது பசு மட்டுமே."

"ஐயா சொல்றது நெசம்ங்க. பீப்பாக்குப் பின்னால நின்னு எங்களக் கணக்கெடுத்தவரு" என்றார் பெரியாயி. ஆதரவாகத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

அதிகாரி சிரிப்பை முக்காட்டால் மறைத்தார். "இதுக்குப் படிவத்துல இடமில்லையே" என்று தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் பதினேழு நிமிடம் எழுதினார். எட்டிப் பார்த்தேன். எழுத்து சிறியது.

27.09.2004, திங்கட்கிழமை

கடிதம் வந்தது. மரம் நடப்படமாட்டாது. மைதானத்தைக் கழகமே வைத்திருக்கலாம். இரண்டு நிபந்தனை: மேற்கு மூலையில் பெண்களுக்கு மறைப்புச் சுவருடன் குளிப்பிடம் கட்டவேண்டும், அதன் வரைபடம் ஒக்டோபர் எட்டுக்குள் போய்ச் சேரவேண்டும்.

இன்றே வரைந்து பிற்பகல் பஸ்ஸில் கொண்டுபோனேன். சுவரின் உயரத்தை ஆறரை அடியாக்கச் சொன்னார்கள். "ஐயா எக்கிப் பார்த்தாலும் தெரியக் கூடாது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். யார் என்று விசாரிக்கவில்லை. ஆறரை ஆக்கினேன்.

அடியில் எழுதியிருந்ததைப் பெரியாயிக்கு வாசித்துக் காட்டினேன். திட்டம்: பெரியாயி. வரைந்தவர்: சி. கனகசுந்தரம் அவர்கள்.

"எம் பேருக்குப் பின்னால அந்த 'அவர்கள்' இல்லீங்களே?"

இல்லை. பேனாவை எடுத்துச் சேர்த்தேன். இடம் போதவில்லை, என்னுடையதை வெட்ட வேண்டியதாயிற்று.