மல்லாட்டை நோன்பு

அன்று திண்டிவனம் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் நான், பக்கத்தில் பிறந்து ஒரு வாரமான பாப்பா, கதவோரம் என் வீட்டுக்காரர், லேடி டாக்டர், நர்சம்மா, அப்புறம் என் ஓரகத்தியான நீங்கள். வரவு செலவு எழுதிப் பழகிய கை, அக்கா. ஆட்களை எழுதி முடித்தால்தான் மேலே ஓடுகிறது. இன்று காலை பாப்பாவுக்கு அம்மை குத்த வந்தவர் ஸ்பிரிட்டால் கையைத் துடைத்தார். அந்த வாசனையில் அந்த அறையே திரும்பி வந்துவிட்டது.

என் இடது கால் வெளுத்து, தூண்போல வீங்கியிருந்தது. விழுப்புரத்திலிருந்து முதல் ரயிலில் நல்லெண்ணெயோடு வந்து இறங்கினீர்கள். பிள்ளை பெற்றவள் காலை உருவிவிட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்பதுதானே நம் வழக்கம். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றியபோது டாக்டரம்மா உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"உருவாதீங்கம்மா. உள்ள ரத்தம் கட்டிக்கினு இருக்கு. ஒரு துண்டு பிச்சிக்கினு நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆளு தங்காது."

"அப்ப கரைச்சு உடுங்க" என்றீர்கள்.

"கரைக்கிற மருந்து இல்ல. கட்டி மேல வளராம தடுக்கிற மருந்து இருக்கு, ஹெப்பாரின்னு பேரு. சண்டை முடிஞ்சப்புறம்தான் மெட்ராசுக்குக் கப்பல்ல வருது. மிச்சத்தை உடம்பே பார்த்துக்கும். வாயில குடுத்தா பலிக்காது, ஊசிதான். சில மணி நேரத்துல வேகம் அடங்கிடும், திரும்பத் திரும்பப் போடணும்."

எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டரம்மா மறைக்கவில்லை.

"மாட்டு நுரையீரல்லேர்ந்து."

நாம் சமண வீடு. பொழுது சாய்ந்தால் சோறு தொடாதவர்கள். நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். நீங்கள்தான் கட்டிலில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"நீ செத்துட்டா அந்த மாடு எழுந்து வந்துடுமாடி? நீட்டு கையை."

"பாவம்க்கா."

"அந்தப் பாவத்துக்கு நான் நோன்பு இருக்கறேன். இனிமே மல்லாட்டையைத் தொடமாட்டேன். போதுமா?"

மடியில் வறுத்த மல்லாட்டையும் காலடியில் கடலைத் தோலும் இல்லாமல் உங்களை யாரும் பார்த்ததில்லை. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கையை நீட்டினேன்.

மருந்து கூடினால் ரத்தம் நிற்காது என்று சொல்லியிருந்தார்கள். நர்சம்மா என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சாய்த்துச் சாய்த்து, எப்போது உறைகிறது என்று பார்ப்பார். நீங்கள் என் துணியையும் ஈறையும் பார்ப்பீர்கள். "எங்க, வாயைத் தொற." கால் மெல்ல வடிந்தது. நான் தரையில் காலூன்றி நின்ற அன்று, அருகனை நினைத்து நீங்கள் விட்ட மூச்சு என் கழுத்தில் பட்டது. அந்தச் சூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

போய்ச் சேரும்வரை நீங்கள் ஒரு பருப்பைக்கூட வாயில் போடவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் காரியத்தன்று சொன்னார். அதிலிருந்து நானும் தொடுவதில்லை. ஆனால் பாப்பா இப்போது ஓடித் திரிகிறாள். மல்லாட்டையை உரித்து உரித்து என் வாயில் திணிக்க வருகிறாள். நான் வாயை மூடிக்கொண்டால் அழுகிறாள். உங்கள் நோன்பு உங்களோடு முடிந்ததா, என்னிடம் வந்ததா? கனவிலாவது வந்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அக்கா.