தாளித்த கேசோ

சுகர் லேண்ட்,
12-11-1998

அன்புள்ள எமில்டாவுக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே நான் சுகம். மாமாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? உன் இருமல் நின்றதா?

போன வெள்ளிக்கிழமை ஆபீசில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. நான் கேசோ செய்தேன். சீஸை உருக்கி, தக்காளியும் மிளகாயும் சேர்த்தால் கேசோ. சோளச் சிப்ஸை அதில் தொட்டுத் தின்பார்கள். சுடச்சுட வாயில் போட்டால் அலுப்பெல்லாம் போய்விடும். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கியதும் என் கை சும்மா இருக்கவில்லை. நம் வீட்டுப் பழக்கத்தில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிவிட்டேன்!

டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்த மேனேஜர் டார்லா முதலில் கடுகை முறைத்துப் பார்த்தார். கடைசியில் சட்டியை வழித்தவரும் அவர்தான். "ஜெப், எங்கம்மா கேசோகூட இதுகிட்ட நிக்காது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "உங்களுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது" என்பாயே, இப்போது சொல் பார்ப்போம்!

மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்பு. விசாவுக்கான போட்டோவை இந்த வாரமே எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை எனக்காக மறுபடியும் கேசோ செய்தேன். ருசிக்குக் குறைவில்லை. ஆறினால் இறுகிவிடுகிறது, அதுதான் தொல்லை. சூடு ஆறுவதற்குள் தின்று முடிக்க இரண்டு பேர் வேண்டும்.

தபால்காரர் வண்டி வந்துவிட்டது.

உன் அத்தான்,
ஜெபதாஸ்