மணல் திட்டுக்குப் போகாத படகு

இன்று காலை புடவையை வாளியில் ஊறப் போட்டேன். கொசுவத்தில் ஒட்டியிருந்த சேறு கரைந்து தண்ணீர் கறுத்தது. உப்பும் டீசலும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த முகத்துவாரத்து வாடை குப்பென்று மேலே வந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் காய்ச்சலில் நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் விளங்காது. நேற்று எண்ணூர் போனேன். தனியாகத்தான்.

சத்துணவுக் கூடத்தில் நான் அமைப்பாளர், நீ சமையல். பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் என்பதால் பிள்ளைகள் என்னை டீச்சர் என்பார்கள். நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய், ஆனால் உன் வாயில் வரும்போது அதில் கொஞ்சம் கேலி இருக்கும். இரண்டு மணிக்கு மேல் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்காருவோம். நீ முகத்துவாரத்துப் பேச்சை எடுப்பாய். ஆற்று வாய்க்கு நடுவில் இருக்கும் மணல் திட்டுக்குப் பத்து வயதில் பையன்களோடு போட்டி போட்டு நீந்திப் போவாயாம். திட்டில் ஏறிப் படுத்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, மேலே பறவைக் கூட்டம். பதின்மூன்றாவது வயதில் அது நின்றது. "வயசுக்கு வந்த அன்னிக்குத் தண்ணிய வுட்டு ஏத்துனாங்க டீச்சர், அப்பால எறக்கவே இல்ல" என்றாய். உன் அண்ணன்கள் மட்டும் தொடர்ந்து நீந்தினார்கள். உனக்கு நீச்சல் தெரியும் என்பதை உன் வீட்டுக்காரரிடம்கூட நீ சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். சொன்னால் என்ன, மெடலா குத்தப் போகிறான் என்று சிரித்தாய்.

என் கதை அதைவிட மோசம். காலடிப்பேட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை. தெற்கத்திப் பக்கமிருந்து வந்த குடும்பம், பெண்பிள்ளைகளைக் கல்லாப்பெட்டி மாதிரி பூட்டி வைக்கும் வீடு. கடலுக்குப் பத்து நிமிஷ நடை. வருஷத்தில் ஒரு நாள், காணும் பொங்கலுக்குக் கூட்டிப்போவார்கள். ஆண்கள் எல்லாரும் அலையில் குதிப்பார்கள். நாங்கள் கரையில் ஜமக்காளம் விரித்து அவர்கள் செருப்பையும் புளிசாதத் தூக்கையும் காவல் காப்போம். அதுதான் எங்கள் கடல். நாற்பது வயது தாண்டியும் என் முழங்கால் நனைந்ததில்லை.

நகரத்தின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் கேமரா தூக்கிக்கொண்டு உன் திட்டுக்குப் பறவை பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டதும் உனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை அந்த மணலில் கால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றாய். ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே போகிற நாளென்றால் நம் பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம்தானே அது. கரையில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. "ஆம்பளைக்கு ஊரே கக்கூஸு, நமக்குத் தொண்ட காயணும்" என்று பஸ்ஸிலேயே திட்டிக்கொண்டு வந்தாய்.

படகுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அக்கா, தப்பா நினைக்காதீங்க, கூட ஆம்பள இல்லாம ஏத்த மாட்டேன், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையில் பாட்டிலோடு நாலு வாலிபர்கள் அடுத்த படகில் தள்ளாடிக்கொண்டு ஏறினார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ இடுப்பில் கை வைத்து நின்றாய். "நீச்சல் தெரியுமான்னு கேளு நைனா. ஆம்பள கீறானான்னு ஏன் கேக்குற?" என்றாய். அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. விடு, அடுத்த வாரம் உன் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தால் போச்சு என்று சொன்னவள் நான்தான்.

அடுத்த வாரம் அவர் வந்தார். இருபது வருஷம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிய மனுஷன். கடலைத் தினம் பார்க்கிறவர், தண்ணீரில் கால் வைத்ததில்லை. பாதி வழியில் ஆற்று வாயின் அலை படகை ஒரு தூக்குத் தூக்கியது. நமக்குத் துணையாக வந்தவர் படகுக்காரரின் காலைக் கட்டிக்கொண்டு, திருப்பு, திருப்பு என்று அலறினார். ஒரே வார்த்தை. படகு திரும்பிவிட்டது. போகட்டும், போகட்டும் என்று நாம் இரண்டு பேர் கத்தினோமே, அது படகுக்காரர் காதில் ஏறவே இல்லை.

திட்டு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மணலில் பறவைகள் நிற்பது தெரிந்தது. நீ எழுந்து நின்றாய். என்னை இங்கேயே இறக்கி விடு, நான் நீந்திப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி முந்தானையை எடுத்துச் செருகினாய். நான் அந்த முந்தானையைப் பிடித்து இழுத்தேன். உட்காரு, மானம் போகுது என்றேன். நீ உட்கார்ந்துவிட்டாய்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். உன் வீட்டுக்காரர் சோடா வாங்கப் போனபோதுதான் என்னைப் பார்த்தாய். "அவன் பயந்தது பேஜாரு இல்ல டீச்சர். நீ என்னிய உக்கார வெச்ச பாரு, அதான் பேஜாரு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு பதில் சொல்லியிருப்பேன். நீ சாதாரணமாகச் சொன்னாய். மறுநாள் டீக்கடையில் உன் வீட்டுக்காரர், பொம்பளைங்க ரெண்டு பேரும் பயந்து நடுங்கிட்டாங்க, அதான் படகைத் திருப்பச் சொன்னேன் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். நாம் அதற்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு உன் மகள் பிரசவம், என் முழங்கால் வலி, பள்ளிக்கூடத்து ஆய்வு என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது.

நேற்று போய்ப் பார்த்தால் கரையே மாறிக் கிடக்கிறது. சிமெண்ட் பெஞ்சு, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், படம் எடுத்துக்கொள்ள ஒரு வளைவு. பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கட்டியிருக்கிறார்கள். அதில் பூட்டுத் தொங்குகிறது, சாவி யாரிடம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. டிக்கெட் கொடுக்கிறவனுக்கு என் மகன் வயது இருக்கும். ஆண் துணையில்லாமல் வருகிற லேடீஸை ஏற்றுவதில்லையம்மா, எல்லாம் உங்கள் சேஃப்டிக்குத்தான் என்றான். எனக்குப் பின்னால் மாத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். ஏதோ கம்பெனியில் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அவன் சொன்னதைக் கேட்டதும் ஒருத்தி போனை எடுத்துத் தன் அண்ணனைக் கூப்பிடப் போனாள்.

கூப்பிடாதே என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்தப் பையனிடம் நீ கேட்டதையே கேட்டேன். நீச்சல் தெரியுமா என்று கேள், லைஃப் ஜாக்கெட்டை மாட்டி விடு, ஆண் இருக்கிறானா என்று கேட்க நீ யார் என்றேன். வார்த்தை தடுமாறியது, ஆனாலும் விடவில்லை. அரை மணி நேரம் சண்டை போட்டேன். கூட்டம் கூடியது. பையன் அடுத்த குடும்பத்துக்கு டிக்கெட் கிழித்தான். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிப் படகு போய்விட்டது.

நான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "எங்கண்ணன் பத்து நிமிஷத்துல வந்திருப்பான் ஆன்ட்டி. உங்களால எங்க லீவும் போச்சு" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் இடத்தில் அன்று நானும் அதைத்தானே செய்தேன். ஸ்கூட்டி போன பிறகு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தப் பையன் மேல், அந்தப் பூட்டின் மேல், எங்கள் வீட்டு ஜமக்காளத்தின் மேல், எல்லாவற்றின் மேலும் ஆத்திரம். செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் நனைந்தேன். அதற்கு மேல் போக எனக்குத் தெரியாது. திட்டு அங்கேயேதான் இருந்தது, மணலில் பறவைகள் நின்றன.

வருகிற சனிக்கிழமையும் போகப் போகிறேன். மறுபடி திருப்பி அனுப்பினால் மறுபடி சண்டை போடுவேன், எனக்கு இனிமேல் மானம் போக ஒன்றும் இல்லை. ஆனால் இது நேற்று போட வேண்டிய சண்டை இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று அந்தப் படகில் நாலு பேர் இருந்தோம். உன்னால் அந்தத் திட்டுக்கு நீந்திப் போக முடியும் என்று நம்பியவள் நான் ஒருத்திதான். இழுத்து உட்கார வைத்தவளும் நான்தான்.